கொலஸ்திரோல் குளிசையும் கெண்டைக்கால் உழைவும்

கிழக்கு மாகாணத்திலிருந்து ஒரு மாணவி எழுதிய கடிதம் எமது மேசையில் இருக்கின்றது. பல்கலைக்கழகத்திற் பயில்பவர், விடுமுறைக்கு வீடு வந்தவிடத்தில் ஒரு சிக்கலைக் கண்டு எழுதியிருக்கின்றார். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாமென்று கேட்டிருப்பதால், விஷயத்தை மாத்திரம் சுருக்கித் தருகின்றோம்.

தகப்பனாருக்கு வயது 58. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்து, இருதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாயின் அடைப்பை விரித்து, உள்ளே ஒரு சிறு வலைக்குழாய் பொருத்தினார்கள். அன்று தொடக்கம் அட்டோர்வாஸ்டாட்டின் என்னும் குளிசை, நாளொன்றுக்கு 40 மில்லிகிராம். ஓராண்டுக்கு மேலாக ஒரு முறைப்பாடும் இல்லை. பின்னர் வெளிநாட்டிலுள்ள உறவினர் ஒருவர், “இந்த மருந்து தசையைத் தின்னும், ஈரலை அரிக்கும்” என்று தொலைபேசியிற் சொல்லியிருக்கின்றார். அதன் பிறகே இரவிற் கெண்டைக்கால் உழைவு தொடங்கியது. இரண்டு மாதங்களுக்கு முன் தகப்பனார் தாமாகவே குளிசையை நிறுத்தினார். நிறுத்திய பத்தாம் நாள் உழைவு போய்விட்டதென்று காண்போருக்கெல்லாம் சொல்லி வருகின்றார். இப்பொழுது காலையில் உள்ளி, இஞ்சி, தேசிக்காய்ச் சாறு, வினாகிரி, தேன் ஆகியவற்றைக் காய்ச்சிய கஷாயம்.

இவ்வளவும் நாம் வாரந்தோறும் கேட்கும் கதைதான். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருப்பதே புதிது. “அப்பா குளிசையை விட்ட அன்றிலிருந்தே அம்மா அதனைப் பொடித்து அவருடைய இரவுத் தேநீரிற் கலந்து கொடுத்து வருகின்றார். அப்பாவுக்கு இது தெரியாது. எனக்கும் சென்ற கிழமைதான் தெரியும். ஐயா, அம்மா செய்வது சரியா? அப்பாவுக்குச் சொல்லலாமா? இந்த மருந்துக்குப் பதிலாக வேறொன்றும் இல்லையா?”

இக்கேள்விகளுக்கு மறுமொழி சொல்லுமுன், மருந்து இன்னதென்று சற்று விளங்கிக்கொள்வது நல்லது. கொலஸ்திரோல் என்பது நஞ்சன்று. உயிரணுக்களின் சுவரை அமைப்பதற்கும், சில ஹோர்மோன்களை ஆக்குவதற்கும் உடலுக்கு வேண்டிய பொருள். அதன் பெரும்பகுதியை நாம் உண்பதில்லை, உடலே உண்டாக்குகின்றது. எல்.டி.எல். என்னும் பொதியில் ஏறி இரத்தத்திற் சுற்றித் திரியும் கொலஸ்திரோல் அளவுக்கு மிஞ்சினாலே குழாய்ச் சுவரிற் படிந்து கெடுதல் செய்கின்றது. ஸ்டாட்டின் இனத்து மருந்துகள் ஈரலிற் கொலஸ்திரோல் ஆக்கும் வேலையின் ஒரு படியைத் தடுக்கின்றன. தன் கையிருப்புக் குறைந்ததும் ஈரல், இரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். பொதிகளைப் பிடித்து உள்ளே இழுக்கும் வாங்கிகளைத் தன் மேற்பரப்பிற் பெருக்கிக்கொள்கின்றது. இந்த வாங்கிகளைக் கண்டறிந்தமைக்காகவே மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் என்னும் அமெரிக்கர் இருவருக்கு 1985 இல் நோபல் பரிசு கிடைத்தது.

மருந்து வந்த வழி மாணவர்கள் அறிந்திருக்க வேண்டியது. ஜப்பானிலே அக்கித்தா என்னும் பகுதியில் உழவர் குடும்பமொன்றிற் பிறந்த அக்கிரா எண்டோ என்பவர், சங்கியோ என்னும் மருந்துக் கம்பனியில் வேலை பார்த்தார். பூஞ்சணம் தன்னைத் தாக்கும் நுண்ணுயிர்களை அழிப்பதற்குக் கொலஸ்திரோல் ஆக்கும் வழியைத் தடுக்கும் பொருளொன்றைச் சுரக்கக்கூடும் என்பது அவருடைய ஊகம். 1971 இல் வேலையைத் தொடங்கி ஏறக்குறைய 6,000 நுண்ணுயிர் இனங்களைச் சோதித்தார். ஈற்றிற் கியோத்தோ நகரத்துத் தானியக் கடையொன்றின் அரிசியிற் படிந்திருந்த நீலப்பச்சைப் பூஞ்சணத்தில், 1973 இல், தேடிய பொருள் அகப்பட்டது. அந்த முதன் மருந்து கடைக்கு வரவில்லை. நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது எழுந்த ஐயங்களினால் கம்பனி அதனை 1980 இற் கைவிட்டது. வேறொரு பூஞ்சணத்திலிருந்து பெறப்பட்ட லோவாஸ்டாட்டின் என்பதே 1987 இல் அமெரிக்காவில் முதன்முதலாக அனுமதி பெற்றது. எண்டோ 2024 இல் 90 ஆவது வயதிற் காலமானார்.

இவ்வகை மருந்துகளைக் கண்டு சனங்கள் அஞ்சுவதை வெறும் பேதைமை என்று தள்ளிவிட எமக்கு மனமில்லை. அச்சத்துக்கு வரலாறு உண்டு. ஸ்டாட்டின்களுக்கு முன்பே, 1960 இல், டிரிப்பரனோல் என்றொரு கொலஸ்திரோல் மருந்து அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதனை உட்கொண்டோரிற் சிலருக்கு இளவயதிலேயே கண்ணிற் புரை படர்ந்தது, தலைமயிர் உதிர்ந்தது. விலங்குகளிற் கண்ட கெடுதல்களைக் கம்பனி மறைத்தமை வெளிவந்து, 1962 இல் மருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. ஸ்டாட்டின்களிலும் செரிவாஸ்டாட்டின் என்பது 2001 ஆகஸ்டில் உலகெங்கும் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. தசைகள் சிதைந்து, அச்சிதைவுப் பொருள் சிறுநீரகத்தை அடைத்து, 52 பேர் வரை இறந்ததாக அப்போது அறிவிக்கப்பட்டது. அவர்களிற் பலர் ஜெம்ஃபைப்ரோசில் என்னும் வேறொரு கொழுப்பு மருந்தையும் சேர்த்து உட்கொண்டவர்கள். ஆகவே “தசையைத் தின்னும்” என்ற பேச்சு வெறுங் காற்றிலிருந்து பிறந்ததன்று.

ஆயின் இன்று எம் கிளினிக்குகளிற் கொடுக்கப்படும் ஸ்டாட்டின்களில் அத்தகைய கொடிய தசைச்சிதைவு எத்தனை பேருக்கு வருகின்றது? பதினாயிரம் பேர் ஐந்தாண்டுகள் உட்கொண்டால், குருதிப் பரிசோதனையிலும் தெரியும் உண்மையான தசைநோய் ஏறக்குறைய ஐவருக்கு வரும். அந்த ஐவருள் ஒருவருக்கு அது கடுமையாகலாம். அதன் அறிகுறிகளை ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருத்தல் வேண்டும்: தொடை, இடுப்பு, தோள் ஆகிய பெருந்தசைகளில் இருபுறமும் ஒருசேர வலியும் பலவீனமும், கதிரையிலிருந்து எழும்ப இயலாமை, எல்லாவற்றிலும் முக்கியமாக, சிறுநீர் சாயத் தேநீர் நிறமாகக் கறுத்துப் போதல். இப்படியானால் குளிசையை அப்பொழுதே நிறுத்தி, அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். கிளினிக் நாள் வரட்டும் என்று பார்த்திருத்தல் ஆகாது.

மற்றைய உழைவுகளின் கதை வேறு. மருந்துக் குளிசை ஒரு பகுதியினருக்கும், மருந்தில்லாத போலிக் குளிசை மற்றப் பகுதியினருக்கும் கொடுத்து, யாருக்கு எது என்பது வைத்தியருக்கும் நோயாளிக்கும் தெரியாதபடி நடத்திய 19 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி, 2022 இல் ஒரு பெருங் கணக்கு வெளியாயிற்று. ஏறக்குறைய 1,24,000 பேர். ஸ்டாட்டின் உட்கொண்டோரில் தசைவலி என்றவர்கள் நூற்றுக்கு 27.1, போலிக் குளிசை உட்கொண்டோரில் 26.6! வேறுபாடு இல்லாமலில்லை, முதலாண்டிற் சற்றுக் கூடுதல் உண்டு. ஆயினும் அந்த முதலாண்டிற்கூட, வலி என்று வந்த பதினைந்து பேரில் ஒருவருக்கே மருந்து காரணம். ஓராண்டு கழிந்த பின்னர் இரு பகுதியாருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கடிதத்திற் குறிப்பிட்ட தகப்பனாருக்கு உழைவு தொடங்கியது ஓராண்டுக்குப் பின் என்பதை வாசகர் கவனிக்க.

அப்படியானால் அந்த 26 பேரும் பொய்யா சொன்னார்கள்? இல்லை. ஐம்பதைத் தாண்டிய நூறு பேரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து விசாரித்தால், கால்வலி, நாரிவலி, தோள்வலி சொல்லாதவர் எத்தனை பேர்? மருந்து உட்கொள்ளாவிட்டாலும் வரும் வலிதான். குளிசை உட்கொள்ளும் காலத்தில் வந்தால் பழி குளிசைமேல் விழுகின்றது.

எதிர்பார்ப்பும் வலியைத் தரும் என்பது மற்றொன்று. இலண்டனில் நடந்து 2020 இல் வெளியான ஓர் ஆய்வை நாம் பலருக்கு எடுத்துச் சொல்வதுண்டு. ஸ்டாட்டின் தமக்கு ஒத்துக்கொள்ளவில்லையென்று விட்டுவிட்ட 60 பேரைச் சேர்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் 12 போத்தல்கள், மாதத்துக்கு ஒன்று: நான்கில் ஸ்டாட்டின், நான்கிற் போலிக் குளிசை, நான்கு வெறும் போத்தல். ஒழுங்கு மாறி மாறி வந்தது. அன்றன்றைய உபாதையைப் பூச்சியத்திலிருந்து நூறு வரை புள்ளியிட்டுப் பதியச் சொன்னார்கள். வெறும் போத்தல் மாதங்களிற் சராசரி 8. ஸ்டாட்டின் மாதங்களில் 16.3. போலிக் குளிசை மாதங்களில் 15.4! குளிசை விழுங்குகின்றோம் என்ற நினைப்பே உபாதையில் பத்தில் ஒன்பது பங்கைத் தந்திருக்கின்றது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எம் முன்னோர் சொன்னது கண்ணுக்கு மாத்திரமன்று, காலுக்கும் பொருந்தும் போலும். ஆனால் ஒன்று: அந்த வலி கற்பனையன்று. அவர்கள் அனுபவித்தது மெய்யான வலி. காரணந்தான் அவர்கள் நினைத்ததன்று. தத்தம் பதிவைக் கையிற் கொடுத்துக் காட்டியபோது அவர்களிற் பாதிப்பேர் மருந்தை மீண்டும் தொடங்கினார்கள்.

மாணவியின் வீட்டிலே, ஒருவரும் திட்டமிடாமல், அந்த ஆய்வின் ஒரு பாதி நடந்துவிட்டது. தகப்பனார் குளிசையை விட்டதாக நினைத்தார், உழைவு போயிற்று. குளிசையோ தேநீர் வழியே போய்க்கொண்டிருந்தது. இதனை வாசித்தபோது எமக்குச் சிரிப்பு வந்தது உண்மை. அடுத்த கணமே கவலையும் வந்தது.

முதலில், இதை ஒரு நிரூபணமென்று எடுத்துக்கொள்ளலாகாது. ஒரு மனிதர், இரண்டு மாதம், தேநீரை முழுவதும் குடித்தாரோ இல்லையோ! இரவுக் கெண்டைக்கால் பிடிப்பு தானே வந்து தானே போகும் இயல்புடையது. அடுத்து, அன்னையாரின் நோக்கம் அன்பேயானாலும், செய்கை அபாயமானது. காரணங்களைச் சொல்லுகின்றோம். தகப்பனார் காய்ச்சலென்று வேறொரு வைத்தியரிடம் போய், “நான் ஒரு மருந்தும் பாவிப்பதில்லை” என்று சொல்வார். அவ்வைத்தியர் கிளாரித்ரோமைசின் போன்ற ஒரு கிருமிக்கொல்லியைக் கொடுப்பார். அது ஸ்டாட்டினை உடல் கழித்துவிடாதபடி தடுத்து, இரத்தத்தில் அதன் அளவைப் பன்மடங்கு உயர்த்தும். நாம் மேலே அஞ்சிய தசைச்சிதைவு வருவதற்கு நேர்வழி இதுவே. இன்னொன்று, அவர் மனம் மாறித் தாமே குளிசையைத் தொடங்கினால் இரட்டை அளவு உட்செல்லும். மூன்றாவதாக, அடுத்த இரத்தப் பரிசோதனை நன்றாக வரும். அந்தப் புகழ் முழுவதும் உள்ளிக் கஷாயத்துக்குப் போகும். அதைக் கேட்டு அயலில் இன்னும் எத்தனை பேர் குளிசையை எறிவார்களோ! அன்றியும் எல்லாக் குளிசைகளையும் பொடித்துக் கொடுக்கலாகாது. தம்முடைய உடலுக்குள் என்ன போகின்றது என்பதை அறியும் உரிமை புத்தி தெளிவாயுள்ள ஒரு மனிதருக்கு உண்டு.

ஆகவே சொல்லத்தான் வேண்டும். யார் சொல்வது? மகள் அன்று, அன்னையாரே சொல்ல வேண்டும் என்பது எமது அபிப்பிராயம். உறவினர் கூடியிருக்கும் வேளையிலன்று, இருவரும் தனித்திருக்கும்போது. “உங்களுக்கு வந்தது பொய் வலி என்று இப்போது தெரிந்துவிட்டதா?” என்ற தொனி ஒரு சொல்லிலும் இருத்தலாகாது. இரண்டாந்தரம் மாரடைப்பு வந்துவிடுமோ என்று பயந்து செய்தேன் என்பதே உண்மை; அதுவே போதுமானது. தகப்பனார் கோபிப்பார். சில நாட்களுக்கு அவ்வீட்டிலே தேநீர் ஒருவரும் போட்டுக் கொடுக்காமலே போகலாம். மாரடைப்பைவிட அது சிறிது.

அன்னையாரின் பயம் வீணானதன்று என்பதையும் மகள் அறியட்டும். 1994 இல் வெளியான ஸ்கண்டிநேவிய நாடுகளின் ஆய்வு இத்துறையில் ஒரு மைல்கல். முன்னரே மாரடைப்போ நெஞ்சுவலியோ கண்டவர்கள் 4,444 பேர்; ஐந்தாண்டுகளுக்குச் சற்று மேலாகப் பார்த்தார்கள். போலிக் குளிசை உட்கொண்டவர்களில் 256 பேர் இறந்தனர். சிம்வாஸ்டாட்டின் உட்கொண்டவர்களில் 182 பேர். இருதரத்தாரும் ஏறக்குறையச் சமதொகையினர். ஒரு பரிசோதனைத் தாளில் எண்ணைக் குறைப்பது வேறு, உயிரைக் காப்பது வேறு. இம்மருந்து பின்னதையும் செய்தது.

இவ்விடத்தில் ஒரு வேற்றுமையை வாசகர் மனத்திற் பதிக்க வேண்டும். முன்னரே மாரடைப்பு அல்லது பாரிசவாதம் கண்டவர் ஒரு வகை. பரிசோதனைத் தாளில் எண் உயர்ந்திருப்பதைக் கண்டு கலங்குபவர் இன்னொரு வகை. முன்னவருக்குக் குளிசையை விடுவது பெரும் நட்டம். பின்னவருக்கு எண் மாத்திரம் போதாது. வயது, இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைத்தல், குடும்ப வரலாறு எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்டே முடிவு செய்தல் வேண்டும். தாளில் ஓர் எண்ணுக்கு அருகே நட்சத்திரக் குறி இட்டிருக்கின்றதென்று பாமசிக்குப் போய்த் தாமே குளிசை வாங்குபவர்களும் உண்டு. அதுவும் பிழை, அச்சத்தால் விடுவதும் பிழை.

ஈரலைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. தொடங்குமுன் ஒரு பரிசோதனை செய்வார்கள். சிலருக்கு ஈரல் நொதியங்கள் சற்று உயர்ந்து தாமே தணியும். கடுமையான ஈரற்கேடு மிக அரிது. அதனாலேயே 2012 இல் அமெரிக்க மருந்து நிருவாகம், ஒழுங்காக மீண்டும் மீண்டும் ஈரலைச் சோதிக்கத் தேவையில்லை என்று விதியைத் தளர்த்தியது. மறதி உண்டாகுமென்பதும் அப்படியே. சிலர் முறையிட்டதுண்டு, நிறுத்தியதும் தெளிந்ததுமுண்டு. ஆனால் முதியவர்களை வைத்து நடத்திய பெரிய ஆய்வுகளில் நினைவாற்றலில் வேறுபாடு தெரியவில்லை.

நீரிழிவு விஷயம் மெய். அதனை மறைப்பது நேர்மையன்று. 2010 இல் வெளியான கணக்கின்படி 255 பேர் நான்கு ஆண்டுகள் ஸ்டாட்டின் உட்கொண்டால் ஒருவருக்கு மேலதிகமாக நீரிழிவு வரும். பெரும்பாலும் முன்னரே சீனி எல்லையில் நின்றவர்களுக்கே வருகின்றது. எம் மக்களிடையே நீரிழிவு மலிந்திருப்பதால் நாம் இதைக் கவனிக்கத்தான் வேண்டும்: ஆண்டுக்கொருமுறையாவது சீனி பார்த்துக்கொள்க. ஆயினும் மாரடைப்புக் கண்டவர் இதற்கஞ்சி மருந்தை விடுவது, மழைக்குப் பயந்து ஆற்றில் இறங்குவதற்கு ஒப்பாகும்.

இனி, உழைவு மெய்யாகவே மருந்தினால் வந்ததென்றே வைத்துக்கொள்வோம். விட்டுவிடுவதற்கு முன் செய்யத்தக்கவை பல. தைரொயிட் சுரப்பி மந்தமாக இருந்தால் கொலஸ்திரோலும் ஏறும், தசையும் வலிக்கும், ஸ்டாட்டின் உபாதையும் கூடும். ஒரே இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். கெண்டைக்கால் வலி நடக்கும்போது வந்து, நின்றால் ஓய்ந்துபோகின்றதா என்று பாருங்கள். அப்படியானால் அது காலின் இரத்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். அந்த நோயாளி பழிக்கும் குளிசையே அவருக்கு மிகவும் தேவையான குளிசை! இத்தகையோரைக் கண்டிருக்கின்றோம்.

பிறகு, அளவைக் குறைக்கலாம். பலருக்குத் தெரியாத கணக்கொன்று சொல்லுகின்றோம்: ஸ்டாட்டினின் அளவை இரட்டித்தால் எல்.டி.எல். மேலும் நூற்றுக்கு ஆறு அளவில்தான் குறைகின்றது. அப்படியாயின் பாதியாக்கினால் இழப்பதும் அவ்வளவே. முழுவதையும் விடுவதைவிடப் பாதியை வைத்திருப்பது எவ்வளவோ மேல். ஒரு ஸ்டாட்டினிலிருந்து வேறொன்றுக்கு மாறலாம். ரொசுவாஸ்டாட்டின் உடலில் நீண்ட நேரம் நிற்பதால், சிலருக்கு வைத்தியர் ஒன்றுவிட்ட ஒருநாள் கொடுப்பதுமுண்டு. இம்மருந்து ஆசிய இனத்தவரின் இரத்தத்தில் வெள்ளையரிற் காண்பதைவிடக் கூடிய அளவில் நிற்கின்றதென்று காணப்பட்டிருக்கின்றது. ஆதலால் 5 மில்லிகிராமில் தொடங்குமாறு மருந்துக் குறிப்பே சொல்லுகின்றது. வெளிநாட்டு உறவினர் தமக்குக் கொடுத்த அளவை இங்குள்ளோருக்குச் சிபாரிசு செய்வது கூடாதென்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்டாட்டின் எந்த விதத்திலும் ஒத்துக்கொள்ளாத சிலர் இருக்கத்தான் செய்கின்றனர். அவர்களுக்கு எசெட்டிமைப் உண்டு. குடலில் கொலஸ்திரோல் உறிஞ்சப்படுவதைத் தடுப்பது, எல்.டி.எல்லை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைக்கும். குறைந்த அளவு ஸ்டாட்டினோடு சேர்த்தும் கொடுக்கலாம். 18,000 பேருக்கு மேற்பட்டோரில் நடந்து 2015 இல் வெளியான ஆய்வில், ஸ்டாட்டினோடு இதனையும் சேர்த்தவர்களுக்கு மாரடைப்பு மேலும் சற்றுக் குறைந்தது. பெம்பெடோயிக் அமிலம் என்பது புதியது. ஈரலுக்குள் சென்ற பின்பே அது செயலுருவம் பெறுகின்றது. தசையில் அம்மாற்றம் நிகழ்வதில்லை என்பதே அதன் சிறப்பு. ஸ்டாட்டின் ஒவ்வாத ஏறக்குறைய 14,000 பேரில் நடந்து 2023 இல் வெளியான ஆய்வில், மாரடைப்பு முதலிய பெருங்கேடுகளை நூற்றுக்கு 13 பங்கு குறைத்தது. அதுவும் குறையற்றதன்று: கீல்வாதமும் பித்தப்பைக் கல்லும் சற்றுக் கூடின. இன்னும் வேண்டுமாயின், இரு கிழமைக்கொருமுறை தோலின் கீழ் ஏற்றும் ஊசி மருந்துகள் உண்டு; எல்.டி.எல்லைப் பாதிக்கு மேலும் குறைக்கும். தொடக்க ஊசிகளுக்குப் பின் ஆறு மாதத்துக்கொருமுறை போதுமான ஒன்றும் உண்டு. விலையோ சாதாரண உத்தியோகக் குடும்பம் நினைத்தும் பார்க்க முடியாதது. கிளினிக்கிற் கிடைக்கும் குளிசை இலவசம் என்பதனால் அதன் பெறுமதி குறைந்துவிட்டதாக எண்ணுவது எம்மவரின் வழக்கம். 2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது அதே குளிசைக்காகப் பாமசி பாமசியாக அலைந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

கஷாயத்துக்கு வருவோம். உள்ளியும் இஞ்சியும் நல்ல உணவு. கறியிற் போட்டு உண்க. மருந்தாக எவ்வளவு வேலை செய்யும்? 2022 இல் அமெரிக்காவில் 190 பேரை எடுத்து, சிலருக்கு ரொசுவாஸ்டாட்டின் 5 மில்லிகிராம், சிலருக்குப் போலிக் குளிசை, மற்றையோருக்கு உள்ளி, கறுவா, மஞ்சள், மீனெண்ணெய் முதலிய சரக்குகளில் ஒவ்வொன்றாகக் கொடுத்து 28 நாள் பார்த்தார்கள். ஸ்டாட்டின் எல்.டி.எல்லை நூற்றுக்கு 38 பங்கு அளவிற் குறைத்தது. மற்றவற்றில் ஒன்றேனும் போலிக் குளிசையை வென்றதில்லை. கடைகளில் “இயற்கை மருந்து” என்று விற்கும் செவ்வரிசிப் பூஞ்சணச் சரக்கைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். அதிலுள்ள மொனக்கொலின் என்பது வேறொன்றுமன்று, லோவாஸ்டாட்டினேதான்! அளவு தெரியாத ஸ்டாட்டினை, இயற்கை என்ற பெயரில், கூடிய விலைக்கு வாங்குகின்றோம். ஜப்பானில் 2024 இல் அவ்வகைச் சரக்கொன்றை உட்கொண்டோர் பலருக்குச் சிறுநீரகம் பழுதுபட்டது.

உணவினால் ஆவது ஒன்றுமில்லையா? உண்டு, ஆனால் அது நாம் விரும்பும் இடத்தில் இல்லை. தேங்காயெண்ணெயைப் பற்றி எம்மவரோடு வாதாடுவது கடினம். 16 ஆய்வுகளைத் திரட்டி 2020 இல் வெளியான கணக்கு, மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிடுகையில் தேங்காயெண்ணெய் எல்.டி.எல்லை 10 மில்லிகிராம் அளவில் உயர்த்துகின்றதென்று காட்டுகின்றது. சொதியே வேண்டாமென்று நாம் சொல்ல மாட்டோம். அப்படிச் சொன்னால் இப்பக்கத்தை ஒருவரும் வாசிக்கவும் மாட்டார்கள். முதற்பாலைக் குறைத்து, பொரியலை அவியலாக்கி, தீட்டாத அரிசியும் பயறு கடலையும் மரக்கறியும் கூட்டி, மாலையில் அரைமணி நேரம் நடந்தால் எண் ஓரளவு இறங்கும், உடம்பும் இலேசாகும். குளிசைக்குத் துணையாக இவை சிறந்தவை. முன்னரே மாரடைப்புக் கண்டவருக்குக் குளிசையின் இடத்தை இவை நிரப்பா.

ஆகவே மாணவி செய்ய வேண்டியது இது. அன்னையார் உண்மையைச் சொன்ன பிறகு, தகப்பனாரை அழைத்துக்கொண்டு, கிளினிக் கொப்பியையும் எஞ்சிய குளிசைகளையும் கஷாயத்தின் செய்முறையையும் கொண்டு வைத்தியரிடம் செல்லுங்கள். உழைவு எந்நாளில் தொடங்கியது, இரவிலா, நடக்கையிலா, இருகாலிலுமா என்பதை ஒரு தாளில் எழுதிச் செல்லுங்கள். தைரொயிட் பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கள். தேநீர் விஷயத்தையும் வைத்தியரிடம் மறைக்க வேண்டாம். குளிசையைக் குறைப்பதா, மாற்றுவதா என்பதைத் தகப்பனாரே வைத்தியரோடு பேசித் தீர்மானிக்கட்டும். தாமே தெரிந்துகொண்ட மருந்தைத் தாமே நாள்தோறும் எடுத்துக்கொள்வார்.

இடம் சிறிது இருப்பதால் இரு வாசகர்களுக்கு ஒவ்வொரு வரி. மட்டக்களப்பு அன்பருக்கு: சிம்வாஸ்டாட்டின் இரவிற் கொள்வதே நன்று, அட்டோர்வாஸ்டாட்டினும் ரொசுவாஸ்டாட்டினும் எந்த நேரத்திலும் கொள்ளலாம், நாள்தோறும் ஒரே நேரமாக இருந்தாற் போதும். கிறேப் புரூட் என்னும் பழச்சாற்றை முதலிரண்டோடும் அளவுக்கு மிஞ்சிக் குடிக்க வேண்டாம். கண்டிச் சகோதரிக்கு: குழந்தை வேண்டுமென்று எண்ணியிருந்தால் குளிசையைத் தொடருமுன் அதனை வைத்தியரிடம் சொல்லுங்கள், பெரும்பாலோருக்குக் கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் அதனை நிறுத்தி வைப்பார்கள்.